இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் ‘சமூகத் தாக்கம்’ சாப்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினித் துறை இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் ‘சமூகத் தாக்கம்’ சாப்டரை எழுத உட்காரும்போது எழும் கேள்விகள் இவை. பெரும்பாலான விடைகளில் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகிறோம்: நெல் இலையைப் போனில் படமெடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி. தமிழகக் கல்லூரிகளில் வருடா வருடம் யாராவது ஒரு பேட்ச் இதை எடுக்காமல் விடுவதில்லை. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

இந்த சாப்டரை எதற்குக் கேட்கிறார்கள்? யாராவது படிக்கிறார்களா?

என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்குப் போகும் துறை, படித்து முடித்தவருக்கு என்னென்ன திறன் வந்திருக்கிறது என்று சான்றோடு காட்ட வேண்டும். பொறியாளருக்குச் சமூகத்தின்மேல் உள்ள பொறுப்பு, சுற்றுச்சூழல், அறநெறி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்குக் கைக்கெட்டும் சான்று இறுதியாண்டு ப்ராஜெக்ட்தான். படிக்கிறார்களா என்றால், வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் உங்கள் நிரலை வரி வரியாகப் பார்க்கப் போவதில்லை. ‘இது யாருக்குப் பயன்?’ என்று கேட்க மட்டும் அவருக்கு ஒரு நிமிடம் போதும். பலர் தடுமாறுவது அந்தக் கேள்வியில்தான்.

எப்போது எழுத ஆரம்பிப்பது?

ஏழாம் செமஸ்டரில், முதல் ரிவியூவுக்கு முன்பே. கடைசி வாரத்தில் எழுதினால் அது வாழ்த்துரை மாதிரிதான் வரும்.

நெல் ப்ராஜெக்ட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எட்டாம் செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது. மாடலுக்கு (படங்களைப் பார்த்து நோயை அடையாளம் காணக் கற்கும் நிரல்) பயிற்சி கொடுத்து, செயலியும் கட்டி முடித்து, ‘இனி வயலுக்குப் போகலாம்’ என்று கிளம்பும்போது மார்ச் ஆகிவிடும். அப்போது காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து, பல வயல்களில் உளுந்து நின்றுகொண்டிருக்கும். படமெடுக்க நெல் இலை கிடைக்காது. குலை நோயைப் பார்க்க வேண்டுமானால் பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களிலேயே போயிருக்க வேண்டும். ஆகவே வயல் சோதனையை அக்டோபர் முதல் ஜனவரிக்குள் வையுங்கள். அதற்குள் மாடல் தயாராகவில்லை என்றாலும் பரவாயில்லை. படங்களைச் சேர்த்து, நோயின் பெயரை நிபுணரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால், மாடல் வந்தபின் அறையில் உட்கார்ந்தே சோதிக்கலாம்.

‘விவசாயிகள் பெரிதும் பயன்பெறுவர்’ என்று எழுதினால் போதாதா?

போதாது. எந்த விவசாயி, எந்த முடிவை, இப்போது எதைப் பார்த்து எடுக்கிறார், உங்கள் செயலி வந்தால் அதில் எது மாறும்? இந்த நான்குக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள்.

நடைமுறையில், இலையில் புள்ளி விழுந்தால் பலர் அந்தத் தூரைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு ஒரு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார். சில சமயம் கடனுக்கும் கொடுக்கிறார். உங்கள் செயலிக்குப் போட்டி இன்னொரு செயலி அல்ல, அந்தக் கடை மேசைதான். செயலி நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அடுத்து அவர் போகப்போவதும் அதே கடைக்குத்தான். அப்படியானால் மாறியது என்ன? ‘மருந்து தேவையில்லை, யூரியாவை நிறுத்து’ போன்ற முடிவுக்கு உங்கள் செயலி உதவுமானால், அதுவே தாக்கம். அதை எழுதுங்கள்.

எங்கள் மாடலுக்கு 98 சதவீத அக்யூரசி வருகிறது. இதைவிடத் தாக்கத்துக்கு என்ன சான்று வேண்டும்?

முதலில் டேட்டாசெட்டை, அதாவது மாடல் படித்த படத் தொகுப்பைப் பாருங்கள். பயிர் நோய் ப்ராஜெக்ட்டுகளில் அதிகம் புழங்குவது பிளான்ட்வில்லேஜ்: 54,306 படங்கள், 14 பயிர்கள், 38 வகுப்புகள் (மாடல் பிரித்துச் சொல்ல வேண்டிய பயிர்-நோய் வகைகள்). அந்த 14 பயிர்களில் நெல் கிடையாது. ஆப்பிள், புளூபெர்ரி, செர்ரி, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் இருக்கின்றன. இதில் பயிற்சி கொடுத்துவிட்டு ‘டெல்டா நெல் விவசாயிகளுக்கு’ என்று தலைப்பு வைக்கும் ரிப்போர்ட்டை வைவாவில் ஒரே கேள்வியில் சாய்த்துவிடலாம்.

அடுத்தது, படங்கள் எடுக்கப்பட்ட விதம். பிளான்ட்வில்லேஜ் இலைகள் பறிக்கப்பட்டு, ஒரே நிறத் தாளின்மேல் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. 2016-இல் இதை வைத்து வெளியான ஆய்வில், ஒதுக்கி வைத்த சோதனைப் படங்களில் அக்யூரசி 99.35 சதவீதம். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே ஆய்வில் 31 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. 2022-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். இலையையே காட்டாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை எடுத்து மாடலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 49 சதவீதம் சரியாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். ஒவ்வொரு நோயின் படங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டதால் மாடல் நோயை விட்டுவிட்டுத் தாளைப் படித்துக்கொண்டது. உங்கள் 98-இல் எவ்வளவு இலை, எவ்வளவு தாள் என்று நீங்களே சோதித்துச் சொன்னால் அந்தப் பத்தி ஒன்றே சாப்டரைத் தூக்கி நிறுத்தும்.

நெல்லுக்கு என்று டேட்டாசெட் இருக்கிறதா?

பேடி டாக்டர் இருக்கிறது. திருநெல்வேலி வட்டார வயல்களில் போன் கேமராவால் எடுத்த படங்கள் அவை. கேகிள் என்ற தரவு அறிவியல் தளத்தின் போட்டிக்காக வெளியிட்ட பகுதியில் பெயரிட்ட படங்கள் 10,407. நோயற்ற இலையோடு சேர்த்து 10 வகுப்புகள். உண்மையான வயல் பின்னணி என்பதால் பிளான்ட்வில்லேஜைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் படங்களோடு வரும் ரக விவரத்தைத் திறந்து பாருங்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆடுதுறை 45 ரகம். நீங்கள் சோதிக்கப் போகும் வயலில் வேறு ரகம் நின்றால் இலையின் அகலமும் பச்சையும் மாறும். அதை ரிப்போர்ட்டில் சொல்லாமல் விடாதீர்கள்.

படங்களைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே தூரை ஐந்து கோணங்களில் எடுத்திருப்பீர்கள். கலைத்துப் போட்டு 80-20 என்று பிரித்தால், நான்கு பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போகும். மாடல் அந்தத் தூரை ஏற்கெனவே பார்த்துவிட்டது. மார்க் ஏறத்தான் செய்யும். நீங்களே எடுத்த படங்களை வயல்வாரியாகப் பிரியுங்கள். படத்தைத் திருப்புவது, வெளிச்சம் கூட்டுவது போன்று படங்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் வேலைகளை, பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதிக்கு மட்டும் செய்யுங்கள்.

மாடல் தவறினால் யாருக்கு என்ன ஆகும்? இதை எப்படி எழுதுவது?

இந்த சாப்டரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எந்த நோயை மாடல் எந்த நோய் என்று சொன்னது என்று காட்டும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் கட்டத்தை அச்சடித்து ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு ஆளும் ஒரு செலவும் இருக்கிறது.

பாக்டீரியா இலைக்கருகலை, பூஞ்சையால் வரும் குலை நோய் என்று மாடல் சொன்னால், விவசாயி பூஞ்சைக்கொல்லி வாங்கி அடிப்பார். பாக்டீரியாவுக்கு அது ஒன்றும் செய்யாது. மருந்துக் காசும் அடிப்பு கூலியும் போச்சு, நோயும் அப்படியே நிற்கும். துங்ரோவால் மஞ்சளாகும் இலையைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்தால் யூரியா போடுவார். துங்ரோ வைரஸால் வரும் நோய். பச்சைத் தத்துப்பூச்சி பரப்புவது. யூரியா போட்டு அது தீராது, பூச்சியைக் கவனிக்க வேண்டிய நாட்களும் கழிந்துவிடும். டேட்டாசெட்டில் ‘துத்தநாகக் குறை’, ‘தழைச்சத்துக் குறை’ என்ற வகுப்புகளே இல்லாவிட்டால், சத்துக் குறையால் மஞ்சளான இலையை உங்கள் மாடல் ஏதாவது ஒரு நோயின் பெயரில் தள்ளியே தீரும். இலையுறைக் கருகல் தண்ணீர் மட்டத்துக்கு அருகே, தண்டைச் சுற்றிய உறையில் தொடங்குகிறது. மேலிருந்து இலையைப் படமெடுக்கும் செயலிக்கு அது கண்ணிலேயே படாது.

எண்ணிக்கையையும் போட்டுக் காட்டுங்கள். 1,000 இலைகளில் 40-இல்தான் நோய் என்று வையுங்கள். நோயுள்ளதில் 95 சதவீதத்தையும், நோயற்றதில் 95 சதவீதத்தையும் மாடல் சரியாகச் சொல்கிறது. நோயுள்ள 40-இல் 38-ஐப் பிடிக்கும். நோயற்ற 960-இல் 48-ஐ வீணாக நோய் என்னும். மொத்தம் 86 எச்சரிக்கை, அதில் உண்மை 38. அதாவது செயலி ‘நோய்’ என்று சொல்லும்போது பாதிக்கு மேல் பொய். மாடல் மோசமானதால் அல்ல, நோய் அரிதாக இருப்பதால். டேட்டாசெட்டில் நோய்ப் படங்களே அதிகம் என்பதால் இது லேபில் தெரியாது, வயலில்தான் தெரியும்.

வயல் சோதனையை எந்த அளவில் செய்தால் போதும்?

மூன்று பேர் கொண்ட பேட்ச்சுக்குக் கட்டுப்படியாகும் அளவு இது: 3 வயல்கள், முடிந்தால் 2 ரகங்கள், வயலுக்கு 40 தூர்கள். நோயுள்ள மூலையையே தேடிப் போகாமல் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இத்தனை அடிக்கு ஒரு தூர் என்று எடுங்கள். காலை 8, நண்பகல், மாலை 4 என மூன்று வேளையும் படம் வேண்டும். காலையில் பனித்துளி பளபளக்கும், நண்பகலில் இலை வெளுத்துத் தெரியும். மாடல் சறுக்கும் இடங்கள் இவை. இரண்டு போன்களில் எடுங்கள். ஒன்று மலிவு விலைப் போனாக, கேமராக் கண்ணாடியில் கீறல் விழுந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

சரியான விடையை நீங்களே முடிவு செய்யாதீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிர் நோய் நிபுணரிடமோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேளுங்கள். செயலி சொன்னதை அவரிடம் முன்கூட்டிக் காட்டாதீர்கள். இரண்டு பேர் கிடைத்தால் தனித்தனியே பெயரிடச் சொல்லி, எத்தனை இலையில் அவர்களுக்குள்ளேயே கருத்து மாறுகிறது என்று எண்ணுங்கள்.

நெல் இலையே இல்லாத 30 படங்களையும் கொடுங்கள்: கை, வேட்டி, வரப்புப் புல், செருப்பு. பத்து வகுப்பு மாடலின் கடைசி அடுக்கு, மொத்தம் 1 வருமாறு நிகழ்தகவைப் பங்கிட்டே ஆக வேண்டும். அதனால் செருப்புக்கும் ‘குலை நோய், 93 சதவீதம்’ என்று கூசாமல் சொல்லும். ‘தெரியவில்லை, அலுவலரைக் கேளுங்கள்’ என்று சொல்ல ஒரு வழி வைத்தீர்களா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

20 பேரிடம் கூகுள் ஃபார்ம் கொடுத்தோம், 18 பேர் பிடித்திருக்கிறது என்றார்கள். எழுதலாமா?

எழுதலாம், நம்பக இடைவெளியோடு. 20-இல் 18 என்றால் 90 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மை அளவு எங்கே இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 70 முதல் 97 வரை. அந்த 20 பேரும் உங்கள் வகுப்புத் தோழர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். அப்போது அது விவசாயிகளின் கருத்து ஆகாது.

செயலி எவ்வளவு எளிது என்று அளக்க எஸ்.யு.எஸ். என்ற 10 வாக்கிய அளவுகோலைப் பலர் பயன்படுத்துகிறார்கள்; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாகவும் இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாகவும் இருக்கும். ஒற்றையில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழித்து, இரட்டையில் 5-இலிருந்து மதிப்பெண்ணைக் கழித்து, கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். சராசரியாக 68 என்பார்கள். நம் ஊரில் ஒரு சிக்கல்: வீடு தேடி வந்த பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம் தம்பி, முழுக்கச் சரி’ என்பார்கள். பத்துக்கும் 5 போட்டால் விடை சரியாக 50. உங்களுக்கு 50 என்று நிறைய வந்திருந்தால் அது செயலியின் மார்க் அல்ல, விருந்தோம்பலின் மார்க். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, போனைக் கையில் கொடுத்து, படமெடுத்து விடை வாங்கும்வரை எத்தனை நொடி, எத்தனை இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகளிடம் அனுமதிப் படிவம் வாங்க வேண்டுமா? வெறும் இலைப் படம்தானே?

இலைப் படத்தோடு போன் ஜி.பி.எஸ். இடத்தையும் பதித்துவிடும். யார் வயலில் என்ன நோய் என்பது வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம். சர்வருக்கு ஏற்றும் முன் இட விவரத்தை அழியுங்கள். தேவையென்றால் வட்டம் அளவில் மட்டும் வையுங்கள். படிவம் தமிழில், அரைப் பக்கத்துக்குள், சத்தமாகப் படித்துக் காட்டும்படி இருக்கட்டும்: எதை எடுக்கிறோம், எதற்கு, எப்போது அழிப்போம், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. 18 வயது நிறையாதவர் சட்டப்படி குழந்தை. பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பள்ளி மாணவர்களை வைத்துச் சோதிக்கும் ப்ராஜெக்ட்டுகள் இதைத்தான் மறந்துவிடுகின்றன.

எங்களுடையது முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் ப்ராஜெக்ட். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

இன்னும் கடுமையாகப் பொருந்தும். இங்கே முடிவே தனி ஆளைப் பற்றியது; மேலே சொன்ன ஆய்வு விலக்கில் ஒளிய முடியாது.

60 பேர் வகுப்பில் உண்மையான ஆளை ‘வரவில்லை’ என்னும் பிழை 2 சதவீதம் என்றால், ஒரு பீரியடுக்கு ஒருவருக்குச் சற்று மேல். எல்லார் தலையிலும் சமமாக விழுந்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் முகப் பிழை சமமாக விழாது. ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலிருப்பவர் ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களில், வெளிர் நிற ஆண்களுக்குப் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 வரை போனது. உங்கள் வகுப்பிலும் பிழை முழுவதும் கடைசி பெஞ்சில், ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்காரும் இரண்டு பேர் மேலேயே விழலாம். 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாமல் போவது அவர்கள்தான். ஆகவே சராசரியோடு நிறுத்தாமல் ஆள்வாரியாகப் பிழையைப் போடுங்கள். தவறாகப் பதிந்தால் அன்றே திருத்தும் வழியையும், முகம் பதிய விரும்பாதவருக்கு மாற்று வழியையும் வடிவமைப்பிலேயே காட்டுங்கள். போன் திரையில் தோழனின் புகைப்படத்தைக் காட்டினால் உங்கள் கேமரா ஏமாறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; தேர்வாளர் நிச்சயம் பார்ப்பார்.

எச்சரிக்கையைத் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம். இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

நீளம். ஆங்கில எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து. தமிழ் கலந்தால் 70. அதுவும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணக் கூடாது. ‘நோய்’ பார்வைக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு. ‘உங்கள் வயலில் குலை நோய் அறிகுறி தெரிகிறது. வேளாண் அலுவலரை அணுகவும்.’ இதற்கு 67 ஆகிறது. நடுவில் ‘உடனே’ என்று ஒரு சொல் சேர்த்தால் 72, இரண்டு எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காசு. மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டி.எல்.டி. பதிவும் வார்ப்புரு ஒப்புதலும் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், டெமோவுக்கு முந்தைய நாள் நினைவுக்கு வந்து பயனில்லை.

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளின் லோகோக்களை ஒட்டலாமா?

ஒட்டுங்கள், ஒன்று போதும். 17 இலக்குகளுக்கு அடியில் 169 துணை இலக்குகள் உள்ளன. அவற்றின் எண்ணைச் சொல்லுங்கள். நெல் செயலிக்கு 2.3, சிறு உழவர்களின் விளைச்சலும் வருமானமும் பற்றியது. ஏழெட்டு லோகோ ஒட்டிய பக்கம், எதையும் யோசிக்கவில்லை என்று தானே சொல்லிவிடும்.

சுற்றுச்சூழல் தாக்கத்துக்கு என்ன எழுதுவது?

கணக்குப் போடுங்கள். மாடல் பயிற்சிக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜி.பி.யு. என்ற கணிப்புச் சில்லின் உச்ச மின் அளவு 70 வாட். 10 மணி நேரப் பயிற்சிக்கு 0.7 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால், அரை கிலோ. அற்பமான அளவு. அப்படியே அற்பம் என்று எழுதுங்கள். பயிற்சி மின்சாரத்தைவிட, வீணாக அடிக்கப்படும் மருந்து ஒரு டேங்க் என்றாலும் அதுதான் பெரிய கணக்கு.

கல்லூரி ப்ராஜெக்ட்டால் சமூகத்துக்கு அப்படி என்ன ஆகிவிடும்?

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக முதுநிலை மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் விட்ட சிறு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. ஏற்கெனவே தொற்றிய கணினியிலும் ஏழில் ஒரு முறை மறுபடி புகுந்துகொள் என்று அவர் வைத்த ஒரு விதிதான் வினையானது. பிரதிகள் குவிந்து கணினிகள் மூச்சுத் திணறின. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். மறுபக்கம், 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுகிறது.

காசுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதற்கு இந்த சாப்டர் எழுத முடியுமா?

நிரலை வாங்கிவிடலாம், வயலை வாங்க முடியாது. மூன்று வயல், 120 தூர், இரண்டு நிபுணர் என்ற பகுதி சென்டர் ரிப்போர்ட்டில் இருக்காது. கைடிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நிரல் எங்கிருந்து வந்தது என்று எழுதி, சோதனையை நீங்களே செய்யுங்கள். அது வாங்கிய ப்ராஜெக்ட்டை அப்படியே சமர்ப்பிப்பதைவிட நேர்மையானது.

வைவா முடிந்த பிறகு செயலியை என்ன செய்வது?

பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. செயலியின் தரவை வைக்கும் ஃபயர்பேஸை டெஸ்ட் மோடில் விட்டிருந்தால் 30 நாள்வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். அதன்பின் செயலியே நின்றுபோகும். இலவச சர்வர்கள் சில, சற்று நேரம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். விழித்தெழ ஒரு நிமிடம் ஆகும். வயலில் நிற்பவர் அதற்குள் போனைப் பையில் வைத்துவிடுவார். மாடலை 4 எம்.பி. அளவுக்குச் சுருக்கிப் போனுக்குள்ளேயே ஓடவைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். பிளே ஸ்டோரில் போட நினைத்தால், புதிய தனிநபர் கணக்குக்கு 25 டாலர் ஒரு முறைக் கட்டணமும், 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிப்பதும் வேண்டும். அட்டவணையில் மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

தொடர்ந்து பராமரிக்கப் போவதில்லை என்றால், ஏ.பி.கே.யை (செயலியின் நிறுவல் கோப்பு) வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் செய்து, இந்தத் தேதியோடு செயலி நிற்கிறது, நீக்கிவிடுங்கள் என்று சொல்லுங்கள். படிவத்தில் எழுதிக் கொடுத்த தேதியில் படங்களை அழித்து, அழித்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். அடுத்த பேட்ச்சுக்குக் கொடுக்க விரும்பினால், கொடுக்கலாமா என்று வயல்காரரை மறுபடி கேளுங்கள்.